இந்தக் கல்லை யாருப்பா இங்க கொண்டு வந்து போட்டா?

கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ கையில வச்சுக்கிட்டு பொறுமையா வாசிங்க. கடைசியில ஒரு உயிரைக் காப்பாத்துற விஷயம் இருக்கு. அதுக்காகவாவது முழுசா வாசிங்க.

போன தை மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. முந்தின நாள் நைட் டூட்டி இல்ல, மறுநாளும் டூட்டி இல்ல. அரசு மருத்துவமனையில வேலை பார்க்குறவங்களுக்குத் தெரியும், இப்படி ரெண்டும் சேர்ந்து அமையுறது எவ்வளவு அபூர்வம்னு.

பையனுக்கு எட்டு வயசு. அந்த வாரம் முழுக்க ஒரே பேச்சு. யூடியூப்ல ஏதோ வீடியோ பார்த்திருக்கான். எஸ்டோனியான்னு ஒரு நாடு. அங்க லாகேமான்னு ஒரு தேசியப் பூங்கா. காட்டுக்குள்ளயும் கடலோரத்துலயும் வீடு உயரத்துக்குப் பாறை உருண்டைகள். ஒண்ணுமே அந்த ஊர்க் கல்லு கிடையாதாம். பனிக்காலத்துல ஐஸ் வந்து பின்லாந்துல இருந்து கடலைத் தாண்டி இழுத்துட்டு வந்து போட்ட கல்லாம்.

"அப்பா, ஐஸ் எப்படிப்பா கல்லைத் தூக்கும்? நம்ம வீட்டு ஃப்ரிட்ஜுல இருக்க ஐஸு ஸ்பூனைக்கூட தூக்க மாட்டேங்குதே?"

நான் வெறும் எம்.பி.பி.எஸ். காய்ச்சல், சளி, பாம்புக்கடி, பிரசவம் வரைக்கும் கேளு, பதில் சொல்றேன். ஐஸ் எப்படிக் கல்லைத் தூக்கும்னு கேட்டா எனக்கு எங்க தெரியும்? "ஞாயித்துக்கிழமை பாபநாசம் போவோம், அங்கயும் பெரிய பெரிய கல்லு இருக்கு, காட்டுறேன்"னு சொல்லித் தப்பிச்சுட்டேன்.

சொன்ன பிறகுதான் உறைச்சது. நான் அந்த ஆத்துப் பக்கம் போய் ஒன்றரை வருஷம் ஆச்சு. வேணும்னேதான் போகல.

காரணம் பின்னாடி சொல்றேன்.

காலையில ஏழு மணிக்குத் திருநெல்வேலியில கிளம்பினோம். அம்பாசமுத்திரத்துல இட்லி. விக்கிரமசிங்கபுரம் தாண்டி பாபநாசம். மேல ஏற செக்போஸ்ட். வண்டியில பிளாஸ்டிக் இருக்கான்னு வனத்துறைக்காரங்க பார்த்துட்டுதான் விட்டாங்க. நல்ல விஷயம்.

தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. இது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். களக்காடு சரணாலயத்தையும் முண்டந்துறை சரணாலயத்தையும் சேர்த்து 1988-ல் உருவாக்கினாங்க. தமிழ்நாட்டோட முதல் புலிகள் காப்பகம் இதுதான். நம்ம தாமிரபரணி பொதிகை மலையில பிறந்து இந்தக் காட்டுக்குள்ள இருந்துதான் இறங்கி வருது. நாம குடிக்கிற தண்ணி, வயலுக்குப் பாயுற தண்ணி, எல்லாத்துக்கும் தாய்வீடு இந்தக் காடு.

சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போனோம். சாமி கும்பிட்டோம். பட்டவராயன் சன்னதியில பக்தர்கள் காணிக்கையா வச்ச தோல் செருப்புகளைப் பார்த்து பையன் அதுக்கும் பத்துக் கேள்வி கேட்டான். அப்புறம் ஆத்தைப் பார்த்தான். அவ்வளவுதான். கேள்வி நின்னு போச்சு. வாயைப் பிளந்துட்டு நின்னான்.

பார்த்தவங்களுக்குத் தெரியும். ஆறு முழுக்கப் பாறை. யானை படுத்துக் கிடக்குற மாதிரி ஒண்ணு. பக்கத்துல குட்டி யானை மாதிரி நாலு. ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு, நடுவுல தண்ணி நெளிஞ்சு ஓடுது. எல்லாக் கல்லும் உருண்டை. ஒரு முனைகூடக் கூரா இல்ல.

பையன் கேட்டான்: "இந்தக் கல்லை யாருப்பா இங்க கொண்டு வந்து போட்டா? இதுவும் ஐஸா?"

எனக்கு ஒரு நிமிஷம் மூச்சு அடைச்ச மாதிரி ஆயிடுச்சு.

ஏன்னா இதே கேள்வியை ஏற்கெனவே ஒருத்தங்க என்கிட்ட கேட்டிருக்காங்க.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி, ஆடி மாசம். நான் கேஷுவாலிட்டி டூட்டி. மத்தியானம் மூணு மணி இருக்கும். ஒரு டாட்டா ஏஸ் வேகமா வந்து நின்னுச்சு. பின்னாடி ஈரத் துணியோட ஆறேழு பசங்க. நடுவுல ஒரு பையன். பத்தொன்பது வயசு. வெளி மாவட்டத்துல இருந்து நண்பர்களோட கோயிலுக்கு வந்தவன். பாறை மேல நின்னு செல்ஃபி எடுத்திருக்கான். வழுக்கி, ரெண்டு பாறைக்கு நடுவுல உள்ள கசத்துக்குள்ள விழுந்திருக்கான். (எங்க ஊர்ல ஆத்துக்குள்ள இருக்குற ஆழமான குழியைக் கசம்னு சொல்லுவோம்.)

நீச்சல் தெரிஞ்சவங்க அஞ்சு நிமிஷத்துக்குள்ள எடுத்துட்டாங்க. அதுதான் இன்னைக்கு வரைக்கும் எனக்கு வலிக்குற விஷயம். அஞ்சு நிமிஷம்தான்.

அதுக்கப்புறம் என்ன நடந்துச்சு? ஒருத்தர் தோள்ல தலைகீழாத் தூக்கிப் போட்டு சுத்தியிருக்காரு. இன்னொருத்தர் வயித்தை அமுக்கித் தண்ணி எடுத்திருக்காரு. "தண்ணி வந்துட்டு, தண்ணி வந்துட்டு"ன்னு எல்லாரும் நம்பிக்கையா நின்னிருக்காங்க. இப்படியே இருபது நிமிஷம். அதுக்கு மேல வண்டி கிடைச்சு, மலை இறங்கி வந்து சேர அரை மணி நேரம்.

யாரும் கெட்டவங்க இல்ல. எல்லாரும் அந்தப் பையன் பிழைக்கணும்னுதான் ஓடினாங்க. ஆனா அந்த இருபது நிமிஷத்துல ஒருத்தர்கூட அவன் வாயில மூச்சு ஊதல. ஒருத்தர்கூட நெஞ்சை அமுக்கல. ஏன்னா யாருக்கும் சொல்லித் தரல.

நாங்க ரொம்ப நேரம் பார்த்தோம். நானும் சிஸ்டரும் எம்.என்.ஓ. அண்ணனும் மாறி மாறி நெஞ்சை அமுக்கினோம். மானிட்டர்ல கோடு அசையல. 'பிராட் டெட்'னு ஏ.ஆர். நோட்டுல எழுதினேன்.

ராத்திரி அவங்க அம்மா வந்தாங்க. பஸ் மாறி மாறி வந்திருக்காங்க. அழுது முடிச்ச முகம். என்கிட்ட சண்டை போடல, சத்தம் போடல. மெதுவா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க.

"அந்தக் கல்லு எதுக்கு சார் அங்க இருக்கு?"

நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். எத்தனையோ மரணத்தை அறிவிச்சிருக்கேன். காரணம் சொல்லியிருக்கேன், ஆறுதல் சொல்லியிருக்கேன். அன்னைக்கு என்கிட்ட வார்த்தை இல்ல.

வீட்டுக்கு வந்து முதல் வேலையா என் பையனை ஆத்துப் பக்கம் விடக்கூடாதுன்னு உத்தரவு போட்டேன். எங்க அப்பா அவனைச் சேரன்மகாதேவி பக்கம் எங்க ஊர்ப் படித்துறைக்குக் கூட்டிட்டுப் போய் நீச்சல் சொல்லித் தர்றதா இருந்தாரு. வேண்டாம்னு நிறுத்திட்டேன். அப்பா ஒண்ணும் சொல்லல. தாமிரபரணிக் கரையில பிறந்த பையனுக்கு நீச்சல் தெரியாது. காரணம் அவன் அப்பன், அதுவும் ஒரு டாக்டர்.

இப்ப திரும்ப ஆத்தங்கரைக்கு வருவோம்.

பையன் கேட்டுட்டு நிக்கிறான். பக்கத்துல ஒரு வேட்டைத்தடுப்புக் காவலர் நின்னாரு. காணிக்காரர். ஐம்பது வயசு இருக்கும். இந்தக் காட்டுலயே பிறந்து வளர்ந்தவரு. பையன் கேட்டதைக் காதுல வாங்கிட்டுச் சிரிச்சாரு.

"கொண்டாந்து யாரும் போடலய்யா. இதெல்லாம் மலையோட பிள்ளைய. மேல ஏறிப் பாரு, இதே கல்லு தாய்க்கல்லா நிக்கும்."

அவர் சொன்னது எவ்வளவு சரின்னு வீட்டுக்கு வந்து ராத்திரி முழுக்க வாசிச்ச பிறகுதான் புரிஞ்சது. நான் புரிஞ்சுக்கிட்டதை உங்களுக்கும் சொல்றேன்.

பனி கொண்டு வந்த கல்லை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? எங்க ஓ.பி.யில காய்ச்சலைப் பிரிக்கிற மாதிரிதான். வர்ற எல்லாருக்கும் காய்ச்சல். ஆனா ஒருத்தருக்கு டெங்கு, ஒருத்தருக்கு டைபாய்டு, ஒருத்தருக்கு எலிக்காய்ச்சல். பார்த்தா ஒண்ணு போலத்தான் இருக்கும். எங்க இருந்து வர்றீங்க, என்ன வேலை பார்க்குறீங்க, எப்ப ஆரம்பிச்சுதுன்னு கதை கேட்கணும். கல்லுக்கும் அதேதான்.

முதல் கேள்வி: சொந்த ஊர் எது? பனி கொண்டு வந்த கல்லுக்கும் அது உட்கார்ந்திருக்குற தரைப்பாறைக்கும் சம்பந்தமே இருக்காது. வெளியூர்க் கல்லு. எஸ்டோனியாவுல கிடக்குற கல்லு பின்லாந்துப் பாறை.

ரெண்டாவது கேள்வி: உடம்புல கீறல் இருக்கா? பனியாறுங்கிறது நம்ம ஃப்ரிட்ஜ் ஐஸ் இல்ல. நூத்துக்கணக்கான மீட்டர் கனம். தன் பாரத்தாலேயே மெதுவா நகரும். அடியில மாட்டின கல்லைத் தரைப்பாறையில வச்சு உப்புத்தாள் மாதிரி தேய்ச்சுக்கிட்டே போகும். அந்தக் கோடுகள் ஆயிரக்கணக்கான வருஷம் ஆனாலும் இருக்கும். நியூயார்க் நகரத்து நடுவுல இருக்குற சென்ட்ரல் பார்க் பாறைகள்லயே அந்தக் கோட்டைப் பார்க்கலாமாம்.

மூணாவது: கூட யார் இருக்கா? ஆறு கொண்டு வந்தா கனமான கல்லை முதல்ல போட்டுரும், மணலைக் கொஞ்சம் தள்ளிப் போடும், களிமண்ணைக் கடைசியில போடும். தரம் பிரிச்சுப் போடும். பனிக்கு அந்தப் பழக்கம் இல்ல. பெரிய பாறையையும் மாவு மாதிரி மண்ணையும் ஒண்ணாக் குழப்பி ஒரே இடத்துல கொட்டிட்டு உருகிப் போயிரும்.

இந்த மூணு கேள்வியையும் நம்ம ஆத்துக் கல்லுகிட்ட கேளுங்க. சொந்த ஊர்? இங்கேதான். மேல மலையில நிக்குற பாறையும் கீழ கிடக்குற உருண்டையும் ஒரே வகை. கடைசிப் பனியுகம் உச்சத்துல இருந்தது சுமார் 20,000 வருஷத்துக்கு முன்னாடி. அப்ப கடல்மட்டம் இன்னைக்கு இருக்குறதைவிடச் சுமார் 120 மீட்டர் கீழ இருந்துச்சு. ராமேஸ்வரத்துல இருந்து இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். ஆனா பொதிகை மலையில பனியாறு இல்ல.

அப்ப இந்தக் கல்லு எப்படி உருண்டை ஆச்சு?

இந்த மலைத்தொடர்ல சார்னோக்கைட், நைஸ் வகைப் பாறைகள் அதிகம். 50 கோடி வருஷத்துக்கும் மேல வயசானவை. பூமிக்கு ரொம்ப ஆழத்துல உருவாகி, மேல இருந்த மண்ணும் பாறையும் கரைய கரைய வெளிய வந்தவை. மேல இருந்த பாரம் குறைஞ்சதும் பாறையில வெடிப்பு விழும். குறுக்கும் நெடுக்குமா. மைசூர்பாகு துண்டு போட்ட மாதிரி.

(சார்னோக்கைட் பேருக்கு ஒரு கதை உண்டு. கல்கத்தாவுல ஜாப் சார்னாக்னு ஒரு கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரோட கல்லறை இருக்கு. அந்தக் கல்லறைக் கல்லை வச்சுத்தான் தாமஸ் ஹாலண்டுங்கிற நிலவியலாளர் இந்தப் பாறைக்குப் பேர் வச்சாரு. அந்தக் கல்லு போனது நம்ம சென்னைப் பக்கத்துல இருந்து.)

அந்த வெடிப்புக்குள்ள மழைத்தண்ணி இறங்கும். பாறையை மெல்ல மெல்ல அரிக்கும். இப்ப ஒரு மைசூர்பாகுத் துண்டை மனசுல வச்சுக்கோங்க. பக்கத்தை ஒரு பக்கமா தண்ணி தாக்கும். விளிம்பை ரெண்டு பக்கமா தாக்கும். மூலையை மூணு பக்கமா தாக்கும். அதனால மூலைதான் முதல்ல கரையும். சதுரம் தானாவே உருண்டை ஆகும். இது மண்ணுக்கு அடியிலயே நடக்குது. அப்புறம் மழை, சுத்தி இருக்குற உதிரி மண்ணைக் கழுவிட்டுப் போனா உள்ள இருந்த உருண்டை வெளிய வருது. சரிவுல உருண்டு ஆத்துக்கு வருது. ஆறு பாலீஷ் போடுது. மாமல்லபுரத்து வெண்ணெய் உருண்டையும் இப்படி உருவானதுதான்.

மலையோட பிள்ளையன்னு அவர் சொன்னாரு இல்ல? அதுதான்.

ஆனா என் பையன் கேட்டதும் முழுத் தப்பு கிடையாது. ஒடிசாவுல தால்ச்சேர்னு ஒரு ஊர். நிலக்கரி எடுக்குற இடம். அங்க 1856-ல் பிளான்ஃபோர்ட் சகோதரர்கள்னு ரெண்டு நிலவியலாளர்கள் ஒரு அடுக்கைப் பார்த்தாங்க. நைசான களிமண்ணுக்குள்ள பெரிய பெரிய உருண்டைப் பாறைகள். தரம் பிரிக்காத குப்பை. இது ஐஸ் வேலைதான்னு சொன்னாங்க. வெயில் கொளுத்துற ஒடிசாவுல ஐஸா? ஆமா. சுமார் 30 கோடி வருஷத்துக்கு முன்னாடி இந்தியா தென்துருவத்துப் பக்கம், கோண்டுவானாங்கிற பெருங்கண்டத்துல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. பனி மூடின நிலம். அப்புறம்தான் பிரிஞ்சு, நகர்ந்து இங்க வந்து சேர்ந்தோம்.

பையன்கிட்ட மறுநாள் இதைச் சொன்னப்ப, "அப்ப நான் பாதி கரெக்ட்"னான். பாதி மார்க் குடுத்தேன்.

சரி, கல்லு அங்க எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டேன். அந்த அம்மா கேட்ட கேள்விக்கு இது பதிலா? இல்ல. எனக்குத் தெரியும். அவங்க கேட்டது கல்லைப் பத்தியே இல்ல.

ஆனா அந்தக் காவலர் அன்னைக்கு இன்னும் கொஞ்ச நேரம் பேசினாரு. அவரும் பல உடல்களைத் தூக்கினவரு. நான் டாக்டர்னு சொன்னதும் முகம் மாறிப் போச்சு. ரெண்டு பேரும் ஒரே வேலையோட ரெண்டு முனையில நிக்குறோம்னு அவருக்கும் தோணியிருக்கும்.

"நீச்சல் தெரிஞ்சவந்தான் சார் அதிகம் போறான். தெரியாதவன் கரையில நின்னுக்கிடுதான். தெரிஞ்சவன் குளத்துல நீந்துன நெனப்புல இங்க குதிக்கான். இது குளம் இல்லல்லா."

பாறையைக் காட்டினாரு. தண்ணிக்கு வெளிய காய்ஞ்சு வெள்ளையா இருக்குற இடத்துல கால் நிக்கும். தண்ணி தொடுற இடத்துல கறுப்பாத் தெரியுது பாருங்க, அது பாசி. சோப்புத் தடவின மாதிரி.

இன்னொரு பாறையில ஆட்டுரல் மாதிரி ஒரு குழி. அச்சு அசல் உருண்டையான குழி. உள்ள நாலஞ்சு கூழாங்கல்லு. சுழல் தண்ணியில அந்தக் கல்லு வருஷக்கணக்கா சுத்திச் சுத்தி, டிரில் போட்ட மாதிரிக் குடைஞ்ச குழி. "வெளிய இருக்கதால தெரியுது. தண்ணிக்கு அடியில இருந்தா? கணுக்கால் தண்ணின்னு அடுத்த எட்டு வைப்பிய, ஆள் மட்டம் இருக்கும்"னாரு. பாறை இடுக்குல கால் மாட்டிக்கிட்டா, மேல இருந்து வர்ற தண்ணி ஆளை எழும்ப விடாது.

தண்ணியோட வேகத்தைப் பத்திப் பின்னாடி வாசிச்சது இது. வேகம் ரெண்டு மடங்கு ஆனா, உங்க காலைத் தள்ளுற விசை நாலு மடங்கு ஆகும். அந்தத் தண்ணி உருட்டக்கூடிய கல்லோட எடை கணக்குப்படி 64 மடங்கு ஆகும். முழங்கால் தண்ணிதானேன்னு நினைக்காதீங்க. எவ்வளவு ஆழம்னு கேட்குற மாதிரி, எவ்வளவு வேகம்னும் கேட்கணும்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை நாம மறக்க முடியாது. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. அந்த வெள்ளத்துக்கு அப்புறம் ஆத்துல மணல் இருந்த இடம் பள்ளம், பள்ளம் இருந்த இடம் மேடு. பத்து வருஷமா குளிச்ச துறைதானேன்னு யாராவது சொன்னா, அந்தப் பழைய கணக்கு செல்லாது.

கடைசியா அவர் சொன்னது: "இங்க வெயில் அடிக்கும், மேல மழை பெய்யும். தண்ணி கலங்குச்சுன்னா, சருகும் குச்சியுமா மெதந்து வந்துச்சுன்னா, சத்தம் மாறுச்சுன்னா, பேசிட்டு நிக்கப்படாது. துணியக்கூட எடுக்கப்படாது. மேல ஏறிரணும்." அணையில தண்ணி திறந்தாலும் இதே கதைதான்.

இப்ப என் பங்குக்கு நான் சொல்ல வேண்டியது. தயவுசெஞ்சு மனசுல பதிச்சுக்கோங்க.

1. மூழ்குறவங்க சினிமாவுல வர்ற மாதிரி கத்த மாட்டாங்க. மூச்சு விடவே முடியாதவங்க எப்படிக் கத்துவாங்க? சத்தமே இல்லாம ஒரு நிமிஷத்துல உள்ள போயிருவாங்க. குழந்தை தண்ணியில இருக்கும்போது உங்க கண்ணு போன்ல இருக்கக் கூடாது.

2. காப்பாத்தக் குதிக்காதீங்க. வேட்டி, சேலை, கயிறு, நீளமான கம்பு, காலி கேன், கையில கிடைச்சதைத் தூக்கிப் போடுங்க. ஒருத்தரைக் காப்பாத்தப் போய் ரெண்டு பேரா வந்த வண்டிகளை நான் பார்த்திருக்கேன்.

3. வெளிய எடுத்ததும் தலைகீழாத் தூக்காதீங்க. சுத்தாதீங்க. வயித்தை அமுக்காதீங்க. அப்படி வர்ற தண்ணி பெரும்பாலும் வயித்துல இருந்து வர்றது. நுரையீரலுக்கு அதனால ஒரு பிரயோஜனமும் இல்ல. வயித்துல இருக்குற சாப்பாடு மேல வந்து மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும்.

4. கூப்பிட்டுப் பாருங்க, தட்டிப் பாருங்க. அசைவு இல்ல, சாதாரணமா மூச்சும் இல்லன்னா, ஒருத்தர் 108-க்குப் போன் பண்ணுங்க. இன்னொருத்தர் உடனே ஆரம்பிங்க. சமதரையில மல்லாக்கப் படுக்க வைங்க. நெத்தியைப் பின்னாடி சாய்ச்சு தாடையைத் தூக்குங்க. மூக்கைப் பிடிச்சுக்கிட்டு வாயோட வாய் வச்சு அஞ்சு தடவை மூச்சு ஊதுங்க. நெஞ்சு எழும்புதான்னு பாருங்க. தண்ணியில மூழ்கினவங்களுக்கு முதல் தேவை காத்து.

5. அப்புறம் நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு, அஞ்சு சென்டிமீட்டர் அமுங்குற மாதிரி, நிமிஷத்துக்கு 100-ல இருந்து 120 வேகத்துல 30 தடவை அமுக்குங்க. ரெண்டு மூச்சு. திரும்ப 30. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும், இல்ல மூச்சு திரும்புற வரைக்கும் நிறுத்தாதீங்க. மாறி மாறிப் பண்ணுங்க. ஊத முடியலன்னா நெஞ்சையாவது விடாம அமுக்குங்க. காத்து போகாம மூளை நாலஞ்சு நிமிஷம்தான் தாங்கும்.

6. மூச்சு வந்துருச்சா? ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. ஈரத் துணியை மாத்திப் போர்த்தி விடுங்க. "நல்லாத்தான் இருக்கேன்"னு எழுந்து உட்கார்ந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாங்க. சில மணி நேரம் கழிச்சு மூச்சுத்திணறல் வரலாம்.

7. பாறையில இருந்து தலைகுப்புறக் குதிக்கவே குதிக்காதீங்க. அடியில கல்லு இருந்தா கழுத்தெலும்பு முறியும், தண்டுவடம் அறுபடும். உயிர் இருக்கும், கழுத்துக்குக் கீழ எதுவும் அசையாது. அப்படி அடிபட்டவங்களைத் தூக்கும்போது தலையும் கழுத்தும் நேரா இருக்குற மாதிரிப் பிடிச்சுத் தூக்குங்க.

உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி 2021-ல் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 3 லட்சம் பேர் மூழ்கி இறந்திருக்காங்க. அதுல கிட்டத்தட்ட நாலுல ஒருத்தர் அஞ்சு வயசுக்குக் கீழ. ஜூலை 25-ஐ மூழ்கித் தடுப்பு தினமா ஐ.நா. அறிவிச்சிருக்கு. நம்ம ஆடி மாசத்துக்குள்ளதான் அந்தத் தேதி வருது.

இதைத் தடுக்க அவங்க சொல்ற வழிகள்ல ஒண்ணு, பள்ளிக்கூட வயசுப் பிள்ளைகளுக்கு நீச்சலும் தண்ணிப் பாதுகாப்பும் சொல்லிக் குடுக்குறது. அதை வாசிச்சப்ப எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. நான் என் பையனுக்கு எழுதிக் குடுத்திருந்தது தப்பான பிரிஸ்கிரிப்ஷன். பயத்தை மருந்தாக் குடுத்திருக்கேன். ஆத்தங்கரை ஊர்ல வளர்ற பையன் பதினெட்டு, பத்தொன்பது வயசுல நண்பர்களோட ஒருநாள் தண்ணிக்குப் போகத்தான் போறான். அன்னைக்கு நான் பக்கத்துல இருக்க மாட்டேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போனோம். அப்பாகிட்ட, "பையனுக்கு நீச்சல் சொல்லிக் குடுங்கப்பா"ன்னேன். அவர் ஒண்ணும் பேசல. உள்ள போய் ஒரு பழைய வேட்டியை எடுத்துட்டு வந்தாரு. எனக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தாரு. வேட்டியை இடுப்புல கட்டி ஒரு முனையைக் கையில பிடிச்சுக்குவாரு.

படித்துறையில தண்ணி இடுப்பளவு. ஓட்டம் இல்ல. அப்பா முதல்ல தானே இறங்கி, காலால துழாவி அடி பார்த்துட்டுத்தான் பேரனை இறக்கினாரு. அவன் கத்தின கத்துல அக்கரையில நின்ன கொக்கெல்லாம் பறந்துருச்சு. நான் மூணாவது படியில உட்கார்ந்திருந்தேன். போனை வண்டியிலயே வச்சுட்டு வந்திருந்தேன்.

இப்ப பத்து ஞாயிறு ஆச்சு. வேட்டி இல்லாம மிதக்குறான். நீந்துறதைவிட முக்கியமா இன்னொண்ணு படிச்சிருக்கான். புதுசா எந்தத் தண்ணியைப் பார்த்தாலும், "இங்க அடி பார்த்தாச்சா தாத்தா?"ன்னு கேட்டுட்டுத்தான் கால் வைக்குறான்.

அம்மா, நீங்க இதை வாசிக்குறீங்களான்னு எனக்குத் தெரியாது. அந்தக் கல்லு யாரையும் கெடுக்க அங்க வரல. மலையில இருந்து இறங்கி, அங்கேயே கிடக்குது. அதுக்கு நம்மளைத் தெரியாது. அதைத் தெரிஞ்சுக்க வேண்டியது நாங்கதான். கரையில நின்னவங்களுக்கு மூச்சு ஊதச் சொல்லித் தந்திருக்க வேண்டியதும் நாங்கதான். அதை அன்னைக்கு உங்ககிட்ட சொல்ல எனக்குத் தைரியம் வரல. இன்னைக்குச் சொல்றேன்.

இதை வாசிச்ச நீங்க, பக்கத்துல ஒரு தலையணையை வச்சு நெஞ்சு அமுக்குறதை ஒருதடவை பழகிப் பாருங்க. வீட்டுப் பிள்ளைகளுக்கும் காட்டுங்க. ஆடி அமாவாசைக்குக் கோயிலுக்கோ, லீவுக்கு அருவிக்கோ கிளம்புற வாட்ஸ்அப் குரூப்புக்கு இதை அனுப்பி வைங்க.

ஆத்துக்குப் போங்க. அடி பார்த்துட்டு இறங்குங்க.

அன்புடன்,
தாமிரபரணிக் கரையில இருந்து ஒரு அரசு மருத்துவர்